லூர்துக்கு எழுதிய சத்தங்கள்

1

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் படத்துக்கு அடியில் எழுத்து ஓடாத நேரமே கிடையாது. மகள் மெலிசாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அடுத்த அறையில் நானும் மனைவியும் அவளைப் பற்றிக் குசுகுசுத்தால்கூடக் கேட்கும். ஆனாலும் எழுத்து இல்லாமல் ஒரு படம் பார்க்க மாட்டாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் இங்கே அப்படித்தானாம். நான் ரிமோட்டை எடுத்து அதை நிறுத்தினால் போச்சு, வீடு இரண்டுபடும்.

"அப்பா, உங்களுக்கு வேண்டாமெண்டா நீங்க வாசிக்காதேங்கோ" என்பாள்.

கவனியுங்கள். கண்டி மாவட்டத்துக் கலஹாவில் பிறந்தவனின் மகள் 'வேண்டாமெண்டா' என்கிறாள்! டொரண்டோவில் அவளுக்கு வாய்த்த தமிழ்ச் சிநேகிதிகள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். தமிழ் வாயில் வந்ததே பெரிய காரியம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாது. அதையும் எத்தனையோ சனிக்கிழமை வகுப்புகளுக்குப் பிறகு விட்டுவிட்டேன்.

அந்த எழுத்துகள் மீது எனக்கு முன்பு எரிச்சல்தான். பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு, பேசுகிறவனுக்கு முன்னால் அவன் பேச்சைச் சொல்லிக்கொண்டு, என்ன கண்றாவி இது என்று இருக்கும். இப்போது அப்படி இல்லை. இந்தப் பெரிய வெள்ளியோடு ஒரு வருடம் ஆகிறது, நான் அந்த எழுத்தைப் பார்த்தால் மரியாதையாக நிமிர்ந்து உட்காரத் தொடங்கி. ஏன் என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

2

காரணம் என் தங்கை லூர்து மேரி. பிறந்ததிலிருந்து அவளுக்குக் காது கேட்காது. கலஹா கடைவீதிக்குக் கொஞ்சம் மேலே, தேயிலைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பு. கணவர் லொறி ஓட்டியவர், மகள் அனுஷா கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் தாயும் மகளும்தான்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்றில் லூர்து தமிழ் எழுதப் படிக்கக் கற்றாள். கையெழுத்து என்னுடையதைவிட அழகு. ஆனால் எங்களுக்குள் பேச்செல்லாம் சைகைதான். அதில் பாதி பள்ளிக்கூடத்துச் சைகை, பாதி நாங்களாக உண்டாக்கியது. எனக்கு அவள் வைத்த பெயர், புறங்கையால் மூக்கைத் துடைப்பது. சின்ன வயதில் எனக்கு எந்நேரமும் மூக்கொழுகுமாம். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மூக்கும் எப்போதோ காய்ந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

சின்னப்பிள்ளையாக இருக்கும்போது எனக்கு ஒரு விஷயம் புரியவே புரியாது. அம்மா கூப்பிட்டால் எனக்கு அடுத்த நொடியே இவளும் திரும்புவாள். கேட்காத பிள்ளை எப்படித் திரும்புகிறது? ஒருநாள் கேட்டேன். சிரித்தாள்.

"உங்க தலையைத்தான் பார்த்துக்கிட்டே இருக்கேன். நாய் திரும்பினா வெளியாள் வர்றாங்க. கோழி திரும்பினா பருந்து. எல்லாரும் ஒண்ணா திரும்பினா பஸ்."

அவள் கைகள் இதைச் சொன்ன வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தலை திரும்புவதுதான் அவளுக்குச் சத்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

3

லூர்துவை ஒரு முறை இங்கே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. விசாவுக்கு விண்ணப்பித்தோம். காது கேட்காது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தோம். அதை வாசித்துவிட்டு விசாக் கந்தோர்ப் புண்ணியவான்கள் அவளுக்குத் தொலைபேசியில் நேர்காணல் வைத்தார்கள். அனுஷாதான் எடுத்தாள்.

"சேர், அம்மாவுக்குக் காது கேக்காது. நீங்க கேளுங்க, நான் அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

முடியாதாம். விண்ணப்பதாரர்தான் பேச வேண்டுமாம். என்ன செய்வது, பிள்ளை தொலைபேசியைத் தாயின் காதில் வைத்தாள். லூர்துக்கு மரியாதை தெரியும். யாரோ பெரிய ஆள் பேசுகிறார் என்று பார்த்து, தலையை ஆட்டி, நன்றாகச் சிரித்திருக்கிறாள். விசா மறுக்கப்பட்டது. அடுத்த முறை புத்தியுள்ள யாரோ ஒருவர் கையில் அது அகப்பட்டதால் ஒரு டிசம்பர் மாதம் வந்து சேர்ந்தாள்.

விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் என் வாயைத்தான் பார்த்தாள். "உன் வாய் மாறிப்போச்சு" என்று சைகை காட்டினாள். முன்பெல்லாம் 'ஆமா' என்று வாயைத் திறப்பேனாம், இப்போது உதட்டைக் குவிக்கிறேனாம். அட, உண்மைதான்! யாழ்ப்பாணத்து அக்கம்பக்கத்தாரோடு பழகிப் பழகி எனக்கும் 'ஓம்' வந்து ஒட்டிக்கொண்டது. இதை இத்தனை வருடத்தில் காது கேட்கிற ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தக் குளிரில் வெளியே எங்கும் போக முடியாது. நான் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டு வந்தால், மாலையில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காருவோம். மெலிசாவின் எழுத்து ஓடும். அது ஆங்கிலம். லூர்துக்குப் புரிவதற்காக நான் பக்கத்தில் இருந்து கைத்தொலைபேசியில் தமிழில் தட்டிக் காட்டுவேன். ஒருநாள் படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் தனியாக நின்றாள். யாரும் பேசவில்லை. ஆனால் அடியில், அடைப்புக்குறிக்குள் எழுத்து வந்தது. லூர்து என் முழங்கையை இடித்தாள்.

"யாரும் வாயைத் திறக்கலையே. என்ன எழுதியிருக்கு?"

"கடிகாரச் சத்தம்."

"அலாரமா?"

"இல்ல. சும்மா ஓடுற சத்தம்."

எழுந்து போய் எங்கள் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நின்றாள். "இதுக்குமா?" ஆமா. "எப்பவுமா?" எப்பவும்தான். "உங்களுக்கெல்லாம் பைத்தியம் பிடிக்காதா?"

அன்றிலிருந்து படம் பார்ப்பது போய், அடைப்புக்குறிகளைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. இடி, லொறி, தப்பு மேளம் இதெல்லாம் உடம்பில் அதிரும், அவளுக்குத் தெரியும். ஆனால் காகிதத்தைப் புரட்டினால் சத்தம், தீக்குச்சியைக் கிழித்தால் சத்தம், தண்ணீரை விழுங்கினால்கூடத் தொண்டையில் சத்தம் என்று அறிந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வீடு முழுக்க நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக் கேட்பாள். ஃபிரிட்ஜ்? உண்டு. படிக்கட்டு? உண்டு. மெழுகுதிரி? இல்லை. கதிரை? இழுத்தால் உண்டு. மெலிசாவுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. மாமியும் மருமகளும் ஒரு தமிழ்ச் சொல் இல்லாமல் வீட்டையே அளந்தார்கள்.

ஒரு காலையில் பனி கொட்டியது. ஜன்னலில் நின்று வெளியே காட்டினாள். இதற்கு?

நான் ஜன்னலைத் திறந்து நின்று கேட்டேன். "இல்ல. ஒண்ணும் கேக்கல."

அவ்வளவு விழுகிறதே, ஒன்றுமே இல்லையா என்று மறுபடி கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றேன். அவளுக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அன்று காலை முழுவதும் என்னோடு சேர்ந்து பனியைப் பார்த்தாள். எனக்கு வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

4

சென்ற வருடம் விடுமுறை எடுத்துக்கொண்டு பரிசுத்த வாரத்துக்கு நான் கலஹாவுக்குப் போனேன். பேராதனையில் பஸ் ஏறி, மேலே ஏற ஏறக் காது அடைக்கும் அந்தப் பழைய சுகத்தோடு போய் இறங்கினால், வீட்டில் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். சைகையில் பேசுகிறவர்கள் கோபித்துக்கொண்டால் எப்படித் தெரியுமா? ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான். வேறு சண்டையே தேவையில்லை.

அனுஷாவுக்கு யாழ்ப்பாணத்தில் சங்கீதம் படிக்க இடம் கிடைத்திருந்தது. போகமாட்டேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். போக வேண்டுமா வேண்டாமா என்று லூர்து ஒன்றும் சொல்லாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

அனுஷா அந்த வீட்டில் மகள் மட்டும் இல்லை, காதும் அவள்தான். பிரதேச செயலகத்தில், வங்கியில், தபால் கந்தோரில் தாய்க்காகக் கேட்பவள் அவளே. அந்தக் கிழமையே லூர்துக்கு முழங்கால் வலி என்று பேராதனை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் சிங்களத்தில் பேசுகிறார். பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தபடியே நிற்கிறாள், அவளுடைய கைகள் தாயிடம் பேசுகின்றன. சிங்களம் காதில் நுழைந்து கைவழியாக வெளியே வருகிறது, நடுவில் தமிழுக்கு வேலையே இல்லை. இரண்டு மொழி பேசத் தெரியும் என்று மார்தட்டிக்கொள்கிறவன் நான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பெரிய வியாழக்கிழமை மத்தியானம், அனுஷா கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போன நேரத்தில், லூர்து தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் பக்கம் கதிரையைத் திருப்பினாள்.

"நாளைக்கு அவ தனியா பாடுறா. அதைப் படமெடு. அங்க உன் வீட்டுல எழுத்து போடுவாங்களே, அந்த மாதிரி எழுதிக் கொடு."

"பாட்டு வரி உனக்கு மனப்பாடமாச்சே" என்றேன்.

"வரி வேணாம். அவ எப்படிப் பாடுறான்னு எழுது." கையை நிறுத்தி யோசித்தாள். "நல்லா பாடுறா, நல்லா பாடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எங்கிட்ட சொல்லும்போது எல்லாரும் ஒரே மாதிரி மூஞ்சிய வச்சிக்கிறாங்க. பஸ்ல எனக்கு எந்திரிச்சு எடம் குடுக்கும்போதும் அதே மூஞ்சிதான். நான் எதை நம்புறது?"

தைத்து முடித்த சீருடை ஒன்றை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"சுமாரா பாடினா இங்கயே இருக்கட்டும். கண்டியில ஒரு வேலை பார்த்துக்கட்டும். எனக்கும் ஆள் வேணும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நெசமாவே பெருசா ஒண்ணு இருந்துச்சுன்னா, எனக்குக் காது வேணும்னு அவளைப் புடிச்சு வச்சிக்கிறது பாவம். எனக்கு எப்படித் தெரியும்? நீ எழுது. பொய் மட்டும் எழுதாத, அண்ணே."

அன்று பின்னேரம் அனுஷா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். அம்மா என்ன கேட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, சுமாருன்னு எழுதிடுங்க. அம்மாவை இங்க தனியா விட்டுட்டு எனக்கு என்ன சங்கீதம் வேண்டிக்கெடக்கு?"

மாதாவே, இதென்ன சோதனை! ஒருத்தி பொய் எழுதாதே என்கிறாள், மற்றவள் பொய் எழுது என்கிறாள். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

5

பெரிய வெள்ளியன்று கோயில்களில் மணி அடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வியாழன் இரவோடு மணி ஊமையாகிவிடும், உயிர்ப்புத் திருநாள் பூசைக்குத்தான் மறுபடி வாய் திறக்கும். ஹார்மோனியமும் கிடையாது. சனம் முழந்தாள் இடுவதற்கும் எழும்புவதற்கும் கோயில் பணிகளைக் கவனிக்கிற உபதேசியார் இரண்டு மரக்கட்டைகளைத் தட்டுவார், டக் என்று ஒரு வறண்ட சத்தம். லூர்துக்கு வருடத்தில் மிகப் பிடித்த நாள் அதுதான். "இன்னைக்குக் கோயிலும் என்னை மாதிரி" என்பாள்.

சிலுவைக்கு முத்தம் கொடுக்க, அதாவது முத்தி செய்யச் சனம் வரிசையில் நின்றது. அப்போதுதான் அனுஷா மாதாவின் புலம்பலைப் பாடினாள். வாத்தியம் எதுவும் இல்லாமல், வெறும் குரல். நான் பீடத்துக்குப் பக்கச் சுவரோடு சாய்ந்து நின்று, சனத்தைப் பார்த்து நின்று பாடுகிற அவளும் அவளுக்கு எதிரில் சனமும் ஒன்றாகத் தெரிகிற மாதிரிப் படம் எடுத்தேன். லூர்து முன் வரிசையில் மகளின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் பின்னால் திரும்பவே இல்லை.

எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் நான் அழுதேன் என்றுதான் சொல்லத் தெரியும். ஆனால் நான் மாமன். நான் அழுதது சாட்சியாகாது.

டொரண்டோவுக்குத் திரும்பியதும் வேலையில் இறங்கினேன். கணினியில் படத்துக்கு எழுத்துப் போடும் வித்தையை மெலிசா காட்டித் தந்தாள். புலம்பலின் வரிகளைத் தட்டினேன். இடையிடையே அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: [இனிமையான குரல்]. [மிகவும் உருக்கமாகப் பாடுகிறாள்]. [அற்புதம்]. அனுப்பினேன். மறுநாள் லூர்துவின் பதில் வந்தது.

"இது உன் மூஞ்சி. சத்தம் எங்க?"

பஸ்ஸில் இடம் கொடுக்கிற அதே மூஞ்சி! எனக்குச் சுருக்கென்றது. நான் முனகிக்கொண்டிருந்ததைப் பார்த்து மெலிசா வந்தாள். நான் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, அது உங்கட ஃபீலிங். அது சத்தம் இல்லை."

"பின்ன எப்படி எழுதுறது? நல்லா இருக்கிறதை நல்லா இருக்குன்னுதானே எழுதணும்?"

"இல்லை. அங்க என்ன கேக்குதோ அதை மட்டும் எழுதுங்கோ. மிச்சத்தை மாமி விளங்கிக்கொள்ளுவா."

தமிழ் ஓரெழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளை எனக்குத் தமிழில் எழுதக் கற்றுத் தருகிறது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொன்னது சரி.

6

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். வேலை செய்யும்போது விமான இரைச்சலுக்காகக் காதில் மாட்டுகிற பெரிய கவசம் ஒன்று எனக்கு உண்டு. அன்று அதற்குப் பதிலாக மெலிசாவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நாள் முழுவதும் சத்தங்களை அடைக்கிற காதைச் சத்தம் பொறுக்க விட்டேன். பாட்டை விட்டுவிட்டு மற்றதைக் கேட்டேன்.

ஐயோ, எவ்வளவு சத்தம்! அமைதியான நாள், மணிகூட அடிக்காத நாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கோயிலில் எத்தனை சத்தம்! எழுதிக்கொண்டே போனேன்.

[இருமல்]
[கதிரை இழுபடுகிறது]
[கைக்குழந்தை சிணுங்குகிறது]
[கூரையில் காகம்]
[வரிசையில் காலடிகள்]
[யாரோ செருமுகிறார்]
[அனுஷா பாடத் தொடங்குகிறாள்]
[இருமல்]
[கைக்குழந்தை சிணுங்குகிறது]
[காலடிகள்]

முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடி வந்தபோது எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. கருவி பழுதோ என்று சத்தத்தைக் கூட்டினேன். பழுதில்லை. அனுஷாவின் குரல் இருக்கிறது, அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. பின்னோக்கி ஓட்டினேன். முதலில் போவது கதிரைச் சத்தம். பிறகு செருமல். இருமிக்கொண்டிருந்தவரின் இருமல் பாதியில் நிற்கிறது, அவர் வாயைப் பொத்துவது படத்தில் தெரிகிறது. கைக்குழந்தை தாயின் தோளில் இருந்து தலையை நிமிர்த்தி அனுஷாவின் பக்கம் பார்க்கிறது, அதன் சிணுங்கலும் போய்விடுகிறது. கடைசியில் காலடிகள். சிலுவையை முத்தி செய்ய வந்த வரிசை நடக்க மறந்து அப்படியே நின்றுவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

நான் அந்த இடத்தில்தானே நின்றேன்? அன்று எனக்கு இது எதுவும் தெரியவில்லையே! கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாதது, கேட்காதவளுக்காக எழுதப் போனபோது தெரிகிறது. அந்த அடைப்புக்குறிகளைக் கண்டுபிடித்த முகம் தெரியாத மனிதரை மனதுக்குள் கும்பிட்டேன்.

அந்த அமைதிக்கு நடுவில், ஓர் இடத்தில், பேராதனைக்கு இறங்குகிற பஸ் கோயில் வளைவில் ஹோர்ன் அடித்தது. நம்முடைய பஸ்காரர்கள் சாதாரணமாகவா அடிப்பார்கள்? செத்தவன் எழும்புகிற அடி. அதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அழகைக் கெடுக்கிறதே. ஆனால் பொய் எழுதாதே என்றிருக்கிறாள். எழுதினேன்: [வெளியே பஸ் ஹோர்ன், நீளமாக, மிகப் பலமாக].

இன்னோர் இடமும் இருந்தது. கடைசி அடியில் அனுஷாவின் குரல் உடைந்தது. ஒரு சுரம் தவறிக் காற்றாகப் போய், மறுபடி பிடித்துக்கொண்டது. இதை எழுதினால் லூர்து என்ன நினைப்பாள்? எழுதாவிட்டால் மற்றதையும் நம்பலாமா? அனுஷா கேட்டுக்கொண்ட அந்தச் 'சுமார்' இதுதானோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வெகுநேரம் விரலைத் தட்டாமல் வைத்திருந்தேன். கடைசியில் எழுதினேன்: [குரல் உடைகிறது]. [குரல் திரும்புகிறது].

பாட்டு முடிந்தது. உடனே உபதேசியார் கட்டையைத் தட்ட வேண்டும், சனம் முழந்தாள் இட வேண்டும். படத்தில் அவர் கட்டைகளை உயர்த்திப் பிடித்தபடி நிற்கிறார். நான் காத்திருந்தேன். தட்டவில்லை. எழுதினேன்: [மரக்கட்டை: சத்தம் இல்லை]. இன்னும் தட்டவில்லை. [சத்தம் இல்லை]. அதன்பிறகே அவருக்குச் சுயநினைவு வந்து, டக்.

ஒரு இடத்திலும் நல்லது என்றோ இனிமை என்றோ எழுதவில்லை. அனுப்பிவிட்டு வேலைக்குப் போனேன். பொதிகளைத் தூக்கும்போதெல்லாம் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

7

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டார்கள். லூர்து நடுவில் இருந்தாள், அனுஷா பக்கத்தில் குனிந்த தலையோடு.

"பஸ் ஹோர்ன் நெசமா?" என்பதுதான் லூர்துவின் முதல் கேள்வி.

"நெசம்."

"பெரிய சத்தமா?"

"கலஹா பஸ்ஸு. பின்ன எப்படி இருக்கும்?"

"எல்லாருக்கும் கேட்டிருக்குமா?"

"ஹந்தானை மலை வரைக்கும் கேட்டிருக்கும்."

லூர்து தன் பக்கத்துக் கைத்தொலைபேசியில் அந்த இடத்தை நிறுத்தி என் முகத்துக்கு நேரே காட்டினாள். அடியில் என் எழுத்து, பஸ் ஹோர்ன் என்று. மேலே கோயில் நிறையச் சனம். கிழவர்கள், பெண்கள், தாயின் தோளில் அந்தக் கைக்குழந்தை.

"பாரு, அண்ணே. ஒரு தலைகூடத் திரும்பல."

ஹோர்னை எழுதியவன் நான். அத்தனை முறை பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

"பொறந்த நாள்லேருந்து நான் தலையைத்தான் பார்க்கிறேன். பஸ்ஸுக்குத் திரும்பாத சனத்தை நான் கண்டதே இல்ல. நீங்க மூஞ்சியால பொய் சொல்லலாம், கழுத்தால சொல்ல முடியாது." திரையில் உபதேசியாரைத் தொட்டுக் காட்டினாள். "உபதேசியாரு கட்டையத் தூக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. எம்மகளா இவங்களை எல்லாம் இப்படி ஆக்கினா? இவளா?"

அனுஷா தாயின் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். லூர்து உதறிவிட்டாள்.

"குரல் உடைஞ்சதுன்னு எழுதியிருக்கே. அந்த எடத்துல இவ என்னைப் பார்த்தா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பாட்டுல ஒரு பிழையும் இல்ல. பிழை நான்தான்." பிறகு மகளின் முகத்தைத் தாடையில் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, என்னை மறந்துவிட்டு, அவளிடம் மட்டும் சொன்னாள். பக்கவாட்டில் பார்த்தாலும் எனக்குப் புரிந்தது. போ. நீ போகணும். போய்ப் படி.

அனுஷா அழுத அழுகையை நான் எழுதத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்கு யார் வருவார்கள், கந்தோருக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள். டொக்டரை வீடியோவில் காட்டினால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே கை பேசலாமே என்று தாய் சொன்னாள். டொக்டர் சம்மதிப்பாரா என்று பிள்ளை கேட்டாள். சம்மதிக்க வைக்கிறேன் என்றாள் தாய். விசாக் கந்தோரையே பார்த்தவள் அல்லவா?

8

அனுஷா போனாள். வழியனுப்ப வந்த எல்லோரும் லூர்துவிடம் ஒரே கதைதான் சொன்னார்களாம். பிள்ளை இல்லாமல் வீடு வெறிச்சென்று போய்விடும், அந்த அமைதியை எப்படித்தான் தாங்கப்போகிறாயோ என்று. காது கேட்காதவளிடம் போய் அமைதியைத் தாங்குவாயா என்று கேட்கிற அறிவு நம்முடைய ஆட்களுக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் அது அவளைக் குத்தியிருக்கிறது. அவர்கள் கேட்கிறவர்கள், அவர்களுக்குத் தெரியும் போல என்று பயந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் ஒரு படம் அனுப்பினாள். யாரும் இல்லாத தன் வீட்டை அவளே எடுத்தது. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, வழக்கம்போல வேலையைப் பார்த்திருக்கிறாள். கூடவே ஒரு வரி: "இதுக்கும் எழுது. பொய் எழுதாத."

வெளியே மழை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். பாட்டுப் பழகுகிற பிள்ளை இல்லாத வீட்டில் என்ன இருக்கப் போகிறது?

[தகரத்தில் மழை]
[அடுப்பில் கேத்தல் கொதிக்கிறது]
[தையல் இயந்திரம்]
[பல்லி]
[பக்கத்து வீட்டு வானொலி]
[கொழுந்து லொறி ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறுகிறது]
[கடிகாரம்]
[லூர்து நூலைப் பல்லால் கடிக்கிறாள்]
[கூரை ஒழுகி வாளியில் சொட்டுகிறது]
[யாரோ சிறுபிள்ளைகள் மழையில் ஓடுகிறார்கள், சிரிப்பு]
[லூர்து பெருமூச்சு விடுகிறாள்]
[தையல் இயந்திரம்]
[மழை பலக்கிறது]

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. எழுத்து படத்தின் பாதியை மறைத்தது. அனுப்பினேன்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். பதில் அன்று பின்னேரம்தான் வந்தது.

"இவ்வளவு சத்தமா அண்ணே? வீடு வெறிச்சுப் போயிரும்னு எல்லாரும் சொன்னாங்களே!"